நைனா என்னை நம்பிய வாரங்கள்

1

ஸ்வீடனுக்கு வந்து நாலு வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை. பாயசம் வைக்கலாம் என்று நினைத்து, சேமியா இல்லாததால் விட்டுவிட்டேன். வழக்கம்போல மதியம் திருத்தணிக்குப் போன் போட்டேன். நைனாதான் எடுத்தார். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லை கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர். பாதி வீடுகளில் உறவுமுறைச் சொற்கள் எல்லை தாண்டி வந்தவைதான்.

"சாப்ட்டியாம்மா?" என்றார். குரல் கொஞ்சம் கட்டியிருந்தது.

"ஆங், சாப்ட்டேன் நைனா. கத்திரிக்காய் சாம்பார், அப்பளம்."

பொய். குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்றபடியே ரெண்டு துண்டு ரொட்டி தின்றிருந்தேன். இந்த இடத்தில் அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். நாலு வருஷமாக அதைத்தான் சொல்லியிருக்கிறார். "ரீலு. தாளிச்ச வூட்டுக்காரி இம்மாம் நிதானமா பேசமாட்டா. நெஜத்தச் சொல்லு" என்பார். நானும் சிரித்துக்கொண்டே ரொட்டி என்று ஒப்புக்கொள்வேன். அதற்கு ஒரு திட்டு விழும். அதன் பிறகுதான் எங்கள் பேச்சே தொடங்கும்.

அன்றைக்கு அவர், "ஆங். நல்லதும்மா" என்றார்.

நான் காத்திருந்தேன். வேறெதுவும் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன். "ஆடிக் கிருத்திகைக்கு நாங்க வர்றோம் நைனா."

அது அதைவிடப் பெரிய பொய். என்னுடைய வசிப்பிட அட்டை காலாவதியாகி, புதுப்பிக்கக் கொடுத்து எட்டு மாதம் ஆகிறது. இடையில் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. இதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவார்கள்.

"ஆங். வா" என்றார் நைனா.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுபத்தொரு வயதில் முதல்முறையாக என் அப்பா என்னை நம்பியிருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது.

2

இது ஏன் பயம் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால் நைனா பார்த்த வேலையைச் சொல்ல வேண்டும். அரக்கோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு முப்பத்துச் சொச்சம் வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தார். பொய்யைப் பிடித்துத்தான் எங்களுக்குச் சோறு போட்டார். டிக்கெட் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டது, பெண்டாட்டி அடுத்த பெட்டியில் இருக்கிறாள், மாமா ஸ்டேஷன் மாஸ்டர் என்று தினமும் கேட்ட காது அது. வீட்டுக்கு வந்து எங்களிடமும் அதையே செய்தார். தலைவலி என்று பள்ளிக்கு மட்டம் போட நானும் கலா அக்காவும் என்ன பாடுபட்டோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

பொய் எல்லாம் அவருக்கு ஒன்றல்ல. ரகம் பிரித்து வைத்திருந்தார். தலையும் வாலும் உள்ள நீளக் கதைதான் ரீல். பெட்டி பெட்டியாகக் கொட்டகைக்கு வரும் சினிமாச் சுருளிலிருந்து வந்த பேச்சு அது, ஓட்டி முடிக்க நேரமாகும் என்பார். டூப் என்றால் ஆள் மாறாட்டம், அடுத்தவன் பாஸைக் காட்டுவது. அதுவும் சினிமாக்காரன் தந்ததுதான். சரடு மெல்லிசு, ஒருவனே விடுவது. கயிறு அப்படியில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து முறுக்கித் திரிப்பது. உடான்ஸ் மெட்ராஸ் பேச்சு, இந்துஸ்தானியில் பறப்பதற்குச் சொல்லும் வார்த்தையிலிருந்து வந்திருக்கலாம் என்பது அவருடைய ஊகம். புருடாவுக்கு மட்டும் கடைசிவரை அவருக்கு வேர் கிடைக்கவில்லை. கேட்டால், "எவனோ புருடா விட்டுப் பெத்த வார்த்த" என்று முடித்துவிடுவார்.

புத்தூர்ப் பக்கம் போகும் வண்டியில் தெலுங்கில் பொய் சொல்வார்கள். அங்கே அதற்குப் பெயர் கோதலு, அறுப்பு. கதிர் அறுப்பதுபோல அறுத்துத் தள்ளுவது. ஆனால் காதில் பூ சுற்றுவது மட்டும் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றேதான். "பூ வெக்கிறதுல மட்டும் ரெண்டு ஸ்டேட்டுக்கும் தகராறு இல்ல" என்பார்.

ஒருமுறை மொட்டையடித்து, தலையெல்லாம் சந்தனமாக ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்து வண்டி ஏறினார். டிக்கெட் எங்கே என்றால், சட்டைப் பையில் இருந்ததை அப்படியே அள்ளி உண்டியலில் போட்டுவிட்டேன், திரும்புகிற டிக்கெட்டும் அதோடு போய்விட்டது என்றிருக்கிறார். பெட்டியே சிரித்திருக்கிறது. நைனா அவரை விட்டுவிட்டார். வீட்டில் வந்து சொன்னார்: "பொய் சொல்றவன் இம்மாம் கேவலமான காரணத்தச் சொல்லமாட்டான். திருத்தணில மொட்ட போட்டவன்தான் இத்தச் செய்வான்."

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வார்த்தைகள் எல்லாம் மேலிருந்து கீழேதான் இறங்கும். அவர் எங்களைச் சொல்லலாம். நாங்கள் அவரைச் சொன்னதில்லை. அப்பாவைப் பார்த்து 'ரீல் விடாதீங்க' என்று சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வந்ததில்லை. அம்மா இருந்தவரை அவளும் சொன்னதில்லை. ரொம்பவும் போனால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொள்வாள்.

3

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு உருளைக்கிழங்கோடு தொடங்கும். கூட வேலை செய்யும் ஊல்லாவுக்கு அறுபது வயதிருக்கும். என் உடைந்த ஸ்வீடிஷைப் பொறுமையாகக் கேட்கும் ஒரே ஜீவன். அந்தத் திங்கட்கிழமை அவளிடம் கேட்டேன், ஒருவர் பொய் சொன்னால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று. 'வால்ஸ் இழுக்கிறான்' என்போம் என்றாள். வால்ஸ் என்பது ஜோடியாகச் சுற்றிச் சுற்றி ஆடும் நடனம். ஏன் அப்படி என்று கேட்டதற்கு, உன்னைச் சுற்றவிட்டுத் தலை கிறுகிறுக்க வைப்பதால் இருக்கலாம் என்று ஒரு கரண்டியைப் பிடித்துச் சுற்றிக் காட்டினாள். வேறொரு நாளாக இருந்தால் இதை நைனாவுக்குச் சொல்ல ஞாயிறுவரை பொறுத்திருக்க மாட்டேன்.

வீட்டில் என் மகள் தர்ஷினிக்குப் பதினாறு வயது. வரும்போது பன்னிரண்டு. தமிழில் கேட்டால் ஸ்வீடிஷில் பதில் வரும், அதுவும் கதவுக்குப் பின்னாலிருந்து. பொய்யைச் சொல்ல அவளிடம் ஒரே வார்த்தைதான், 'கேப்'. தொப்பி என்று அர்த்தமாம். அமெரிக்காவில் கறுப்பின இளைஞர்கள் பேச்சிலிருந்து போன் வழியாக உலகமெங்கும் போய்விட்டதாம். தொப்பிக்கும் பொய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். யாருக்குத் தெரியும் என்று தோளைக் குலுக்கினாள்.

தாத்தாவோடு அவளுக்கிருந்த ஒட்டுறவு இந்த ஒரு விளையாட்டுதான். அவள் 'கேப் தாத்தா' என்பாள், பேத்திக்கு மட்டும் அந்தச் சலுகை. அவர் 'ரீலு தாயி' என்பார். ஒரே நிமிஷம். அந்த நிமிஷத்துக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை அறையைவிட்டு வெளியே வருவாள்.

அடுத்த ஞாயிறு அவள்தான் முதலில் பேசினாள். பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் என்று ரீல் விட்டாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அம்மா, தாத்தா என்னை நம்பிட்டார்" என்றாள், தமிழில். அவள் தானாகத் தமிழில் பேசியது எப்போது என்று எனக்கு நினைவில்லை. அவளும் பயந்துபோயிருந்தாள்.

நான் போனைக் காதில் வைத்து, "நைனா, நேத்து எங்க தெருவுல ஒரு யான வந்துச்சு" என்றேன்.

"ஆங். அப்படியா" என்றார்.

4

அதன்பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. ஊல்லாவின் அம்மா ஞாபகம் மங்கிப்போய், மகளையே யாரென்று கேட்டவள். அது எப்படித் தொடங்கியது என்று ஊல்லா முன்பு சொல்லியிருக்கிறாள். எதிர்த்துப் பேசும் பெண்மணி, ஒருநாள் எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டத் தொடங்கினாளாம். எல்லோரும் அம்மா சாதுவாகிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டார்களாம்.

கலா அக்காவைக் கூப்பிட்டேன். அவளும் அவள் வீட்டுக்காரர் பாவாவும்தான் நைனாவோடு இருக்கிறார்கள்.

"அக்கா, நைனாவுக்கு எதுனா மறதி மாதிரி இருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லடி. நல்லாத்தான் கீறாரு. காலைல மலைக்குப் போய்ட்டு வர்றாரு. படி ஏறிதான்."

"கொரலு ஒரு மாதிரி இருக்குது."

"மாங்கா தொக்கு. வேணாம்னா கேக்கறாரா? தொண்ட கட்டிகினுச்சு."

"நான் யானன்னு சொன்னத நம்பறாருக்கா."

"முன்னல்லாம் எதுக்கெடுத்தாலும் சண்ட. இப்பத்தான் அமைதியா கீறாரு. நீ அங்கருந்துகினு இன்னாத்துக்கு நோண்டற?"

பாவாவும் போனை வாங்கி, தொக்குதான், தொக்குதான் என்றார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதால் நானும் நம்பினேன். தொண்டையைப் பற்றி நம்பினேன். தலையைப் பற்றிய பயம் அப்படியேதான் இருந்தது. அடுத்த முறை நைனாவிடமே சுற்றிவளைத்துக் கிழமை கேட்டேன், எங்கள் பழைய வீட்டு எதிர்வீட்டுக்காரர் பெயர் கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னார், ஒற்றை ஒற்றை வார்த்தையாக. சரியாகச் சொன்னதும் பயமாக இருந்தது. ஒருவர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொண்டு, சந்தேகத்தை மட்டும் மறந்துபோக முடியுமா?

போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. குடியேற்ற அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரம் இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். அவசரம் என்றால் திரும்பி வருவதற்குத் தனியாக விசா கேட்டு மனு போடலாம், காரணத்தைப் பார்த்துத்தான் கொடுப்போம் என்றாள்.

"என்ன காரணம்?"

"என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை."

"என்ன நோய்? மருத்துவச் சான்று இருக்கிறதா?"

என்னிடம் இருந்த ஸ்வீடிஷ் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிப்போனது. "அப்பா என்னை நம்புகிறார்" என்றேன்.

அவள் மிகவும் அன்பாக, "அது நல்ல விஷயம்தானே?" என்றாள்.

மனுவைக் கணினியில் திறந்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'தந்தை கவலைக்கிடம்' என்று எழுதினேன். எழுதிய கையோடு அழித்தேன். பொய் எழுத எனக்குப் பயமில்லை. அது பலித்துவிடுமோ என்றுதான் பயம். படித்தவள்தான், ஆனாலும் அந்தக் கொஞ்ச நேரம் அந்த வரி திரையில் இருந்ததற்கு மலைமேல் இருக்கும் முருகனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

5

அடுத்த புதன்கிழமை. காலை ஏழு மணி இருக்கும், அங்கே பத்தரை. உருளைக்கிழங்கு கொதிக்கத் தொடங்கியிருந்தது. ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை. ஊல்லாவிடம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாமான் அறைக்குள் போய்ப் போன் போட்டேன்.

"இன்னாம்மா, இந்நேரத்துல?" என்றார் நைனா. குரல் முன்னைவிடக் கரகரத்தது.

"சும்மாதான் நைனா. எங்க இருக்கீங்க?"

"வூட்லதாம்மா. மல ஏறி எறங்கி வந்தேன். இப்பத்தான் ஒக்காந்தேன்."

அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் "டோக்கன் பத்தொம்பது" என்றது. கொஞ்சம் கிட்டத்தில் இன்னொரு குரல், "பெரியவரே, காலைல ஒண்ணும் சாப்பிடாமதான வந்தீங்க?" என்று கேட்டது. நைனா போனைக் கையால் பொத்தியது தெரிந்தது. பொத்திய கைக்குள்ளிருந்தும் கலா அக்காவின் குரல் கேட்டது. "யாரு நைனா? அவளா? வெச்சிருங்க."

அப்போதுதான் புரிந்தது. மூன்று வாரமாக அவர் என்னை நம்பிவிட்டாரே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரமும் நான் அவரை நம்பிக்கொண்டிருந்தேன். மலைப்படியை நம்பினேன். மாங்காய்த் தொக்கை நம்பினேன். டிக்கெட் பரிசோதகர் மகள்.

நாற்பத்து மூன்று வயதில் முதல்முறையாகச் சொன்னேன்.

"நைனா, ரீல் விடாதீங்க."

கோபித்துக்கொண்டு வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. டோக்கன் கூப்படறாங்க."

"தொண்டைல கட்டிம்மா. ரெண்டு மாசமா கீது. இது மெட்ராஸ் ஆஸ்பத்திரி. வர்ற வாரம் வேழக்கெழம ஆபரேசன். நான்தான் சொல்லக்கூடாதுன்னேன். உங்கக்காவத் திட்டாத."

"அதனாலதான் எல்லாத்துக்கும் ஆங், ஆங்னீங்களா?"

"பேசுனா முள்ளு குத்தறா மாதிரி கீது. உன்ன ரீலுன்னு சொன்னா நீ வாதாடுவ, அப்பறம் நானும் பேசணும். ஆங்னா ஒரே பேச்சுல முடிஞ்சிடும்."

"அப்ப யானைய நம்பலயா?"

"யான" என்றார். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அது அடங்க நேரமானது. "டிக்கெட் இல்லாதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? ஆடிக்கு வர்றேன்னியே, அதுவும் தெரியும். போனவாட்டி கார்டு வந்தப்ப ஒடனே சொன்ன, இந்தவாட்டி அந்தப் பேச்சே இல்ல. இன்னும் வரல. அதான?"

"வரல நைனா."

"ஆங்."

அவர் தலைக்கு ஒன்றுமில்லை. மூன்று வாரம் சுமந்த பயம் ஒரு கணம் இறங்கியது. மறு கணம் வேறொன்று ஏறி உட்கார்ந்தது, முன்னதைவிடப் பாரமாக. சாமான் அறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டர் இன்னா சொல்றாரு?"

"கட்டிய எடுத்துருவாங்களாம். கொரலு திரும்ப வரும், வராது, எங்க கையில இல்லன்னுட்டாரு."

"பயமா இருக்குதா நைனா?"

எதற்கும் பயந்து அவரை நான் பார்த்ததில்லை. 'எனக்கின்னா பயம்' என்று சொல்வார், நானும் அதை அப்படியே விட்டுவிடுவேன் என்று நினைத்தேன்.

"இருக்குதும்மா" என்றார். "ராவெல்லாம் கீது. உங்கக்காகிட்ட சொல்லல. நீ போன வெச்சிராத. நம்மள கூப்படற வரிக்கும் நீ பேசு. நான் கேட்டுக்கினு கீறேன்."

"இன்னா பேசறது?"

"நெஜமா எதுனா சொல்லு."

நான் சொன்னேன். பள்ளிக்கூடச் சமையலறையில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். நீங்கள் கேட்டபோதெல்லாம் நான் செய்வதாகச் சொன்ன அலுவலக வேலை இதுதான், கணக்குப் பிரிவெல்லாம் இல்லை, உருளைக்கிழங்கு தோல் எடுக்கிறேன் என்றேன். அன்றைக்கு நான் தின்றது ரொட்டி என்றேன். தர்ஷினி என்னிடம் சரியாகப் பேசுவதில்லை, அவளை எப்படித் திரும்பக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை என்றேன். அட்டை வராமலே போனால் நாலு வருஷமும் வீண், அதை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றேன். அட்டை வராவிட்டால் வராமல் போகட்டும், டிக்கெட் போடவா என்றேன். அவருடைய மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஊல்லா கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் சாத்திவிட்டுப் போனாள். நான் நிறுத்தவில்லை.

ஒலிபெருக்கி "டோக்கன் இருவத்தி மூணு" என்றது.

"நைனா, நம்ம நம்பர்தான். எழுந்திருங்க, டாக்டர் காத்துகினு கீறாரு" என்றாள் கலா அக்கா.

"இருக்கச் சொல்லு" என்றார் அவர். "எம்பொண்ணு பேசிகினு கீது."